சித்திரையில் மாடு என்ன தின்னும்? – ஒரு புல் வரலாறு

வெண்மைப் புரட்சின்னு சொன்ன உடனே நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? ஆனந்த், அமுல், குரியன், புள்ளி போட்ட கவுனோட அந்த விளம்பரப் பாப்பா. கொஞ்சம் விவரமானவங்க கலப்பினப் பசு, உறைவிந்து, குளிரூட்டும் நிலையம்னு பட்டியல் போடுவாங்க. 1970ல் ஆரம்பிச்சு 1996 வரைக்கும் மூணு கட்டமா நடந்த திட்டம் அது. புத்தகம் இருக்கு, சினிமாவே இருக்கு (ஷியாம் பெனகலோட 'மந்தன்', 1976). ஆனா பாலுக்கு மூலப்பொருள்னு ஒண்ணு இருக்கே, புல்லு, அதைப் பத்தி யாரும் வாயே திறக்கறதில்லை.

1998ல் இருந்து உலகத்திலேயே அதிகமா பால் கறக்கிற நாடு நம்ம நாடுதான். ஆனா நாட்டோட மொத்த சாகுபடி நிலத்துல தீவனப் பயிர் போடறது சுமார் 4 சதவீதம். பல பத்தாண்டுகளா இந்தக் கணக்கு பெருசா நகரவே இல்லை. பால் உற்பத்திச் செலவுல பாதிக்கு மேல தீவனத்துக்கே போயிடுதுங்கறதை மாடு வெச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

மழை பெஞ்ச மூணு மாசம் பிரச்சினை இல்லை. வரப்பு, வாய்க்கால், ரோட்டோரம் எல்லாம் பச்சை. மாசி பிறந்ததும் வயித்தைக் கலக்க ஆரம்பிக்கும். சித்திரையில உச்சம். வைக்கோலை மட்டும் தின்னு மாடு உயிரோட இருக்கும், பால் கறக்காது. சினை பிடிக்காம தள்ளிப்போகும். கடைசியில பாதி விலைக்குச் சந்தைக்குப் போகும். ஆக, ஒரு நாட்டோட பால் வரலாறே "சித்திரையில் மாடு என்ன தின்னும்?"ங்கற ஒத்தைக் கேள்விக்குள்ள அடங்கிடும்னு நான் நினைக்கிறேன்.

இந்தக் கேள்விக்கு எங்க கொங்கு நாட்டுல மட்டும் இரண்டு பதில் கண்டுபிடிச்சிருக்காங்க. ஒண்ணு காங்கேயத்துப் பக்கம், இன்னொண்ணு கோயமுத்தூர்ல. ரெண்டுக்கும் நடுவுல 80 கிலோமீட்டர் கூட இருக்காது. ஆனா ஒண்ணு மண்ணுல இருந்து வந்தது, இன்னொண்ணு ஆராய்ச்சிக்கூடத்துல இருந்து வந்தது. மூணாவதா ஒரு பதிலும் இருந்துச்சு. அது தமிழ்நாடு முழுக்க இருந்தது, இப்ப இல்லை. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுத்துக்கோங்க :-)

முதல் பதில்: கொறங்காடு

காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோயில், கரூர் பக்கம் பஸ்ஸுல போனவங்க பாத்திருப்பீங்க. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் முள்ளுக்கிளுவை வேலி. உள்ளே உழவே உழாத சரளை மண். அங்கங்க குடை பிடிச்ச மாதிரி வெள்வேல மரம். கீழே கொழுக்கட்டைப் புல். நாலு மாடு, பத்து ஆடு. தெரியாதவங்க கண்ணுக்கு அது சும்மா கிடக்கிற தரிசு. உண்மையில அது ரொம்ப யோசிச்சுச் செஞ்ச ஏற்பாடு. அதுக்குப் பேர்தான் கொறங்காடு.

வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. அதுலயும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில. இந்த மழைக்குக் கொழுக்கட்டைப் புல் கிடுகிடுன்னு வளரும், கூடவே நரிப்பயறு மாதிரி கொடிகளும் வரும். கொழுக்கட்டைப் புல்லோட விசேஷம் என்னன்னா, மழை நின்னு காய்ஞ்சாலும் நின்ன இடத்துலயே வைக்கோல் மாதிரி நிக்கும். தையிலயும் மாசியிலயும் மாடு அதைக் கடிச்சுக்கும். வேர் ஆழமா இருக்கிறதால அடுத்த மழைக்கு அதே தூர்ல இருந்து மறுபடி தளிர்க்கும். விதைக்கவும் வேண்டாம், உழவும் வேண்டாம்.

சரி, அந்தக் காய்ஞ்ச புல்லும் தீர்ந்துபோற கோடையில? அதுக்குத்தான் மேலே வெள்வேல மரம். கோடையில அதோட நெத்துக் காய்கள் உதிரும். புரதம் நிறைஞ்ச காய். மாடும் ஆடும் போட்டி போட்டுப் பொறுக்கித் தின்னும். புல் கைவிடற நேரத்துல மரம் கைகொடுக்கும். நிழலும் உண்டு. பத்தாததுக்குக் கட்டுத்தரையில சோளத்தட்டுப் போர் இருக்கும்.

வேலி இன்னொரு சாமர்த்தியம். எங்க அமுச்சி ஊர்ல கொறங்காட்டுக்குப் படலைச் சாத்திட்டா மாட்டை மேய்க்க ஆளே தேவையில்லை. ராத்திரியும் உள்ளேயே கிடக்கும். காட்டைச் சின்னச் சின்னத் துண்டா வேலியால பிரிச்சு, ஒண்ணுல மேய்ஞ்சு முடிச்சதும் அடுத்ததுக்கு மாத்திடுவாங்க. முதல் துண்டுல புல் மூச்சு வாங்கித் தேறிக்கும். சுழற்சி மேய்ச்சல்னு இன்னிக்குப் பயிற்சி வகுப்புல சொல்லித் தர்றதை அவங்க வகுப்பு எதுவும் இல்லாமலே செஞ்சாங்க.

காங்கேயம் காளை இந்தப் புல்லுல வளர்ந்ததுதான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பெரிய மந்தை வெச்சு அந்த இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்த கதை பலருக்கும் தெரியும். 1936ல் வந்த லிட்டில்வுட்டோட 'லைவ்ஸ்டாக் ஆஃப் சதர்ன் இந்தியா' புத்தகம் காங்கேயத்தைப் பத்தி விரிவாகவே பேசும். "காங்கேயம் உழவு மாடுதானே, பாலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"னு நீங்க கேட்பீங்க. நியாயமான கேள்வி. பாலுக்கு அதே கொறங்காட்டுல எருமை மேய்ஞ்சுது. ஊத்துக்குளி வெண்ணெய்க்கு அவ்வளவு பேர் வந்ததே எருமைப்பாலால. அந்த வெண்ணெய்க்கு அடியில இந்த வறண்ட சரளைக்காட்டுப் புல் இருக்கு.

கொறங்காட்டுக்கு ஒரே குறை, அதோட அளவு. மானாவாரிப் புல் இவ்வளவுதான் குடுக்கும். நாளைக்கு 15 லிட்டர் கறக்கிற கலப்பினப் பசுவைக் கொறங்காட்டுல விட்டா, பசி தீரும், மடி நிறையாது. பம்பு செட்டும் டிராக்டரும் வந்து காளைக்கு வேலை போச்சு. பால் சொசைட்டி வந்து சீமைப் பசுவுக்கு மவுசு வந்துச்சு. இப்ப அந்தப் பக்கம் போனா வேலிக்குள்ள காற்றாலையும் சூரியத் தகடும் நிக்குது. வீட்டுமனைக் கல்லும் நட்டிருக்காங்க.

இரண்டாவது பதில்: ரெண்டு ஆப்பிரிக்கர்கள் சந்திச்ச இடம்

இப்போ கோயமுத்தூர். அந்த ஊர் மண்ணுக்குப் புல்லோட புல்லை ஒட்டுச் சேர்க்கிற ராசி இருக்கு போல. 1912ல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்துச்சு. பார்பரும் வெங்கட்ராமனும் நல்ல கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து, 1918ல் கோ-205ங்கற கரும்பை வெளியே விட்டாங்க. வட இந்தியக் கரும்புச் சாகுபடியையே மாத்தின கதை அது. தனிப் பதிவா எழுதணும், இங்கே வேண்டாம்.

அதே காலத்துல, 1912 வாக்குல, இன்னொரு புல் இந்தியாவுக்கு வந்துச்சு. ஆப்பிரிக்க ஆத்தங்கரைகள்ல ஆள் உயரத்துக்கு மேல வளர்ற யானைப்புல். ரொடீசியாவுல (இப்ப ஜிம்பாப்வே) புலவாயோ ஊரைச் சேர்ந்த கர்னல் நேப்பியர்ங்கறவர், "இது நல்ல மாட்டுத் தீவனம், கவனிங்க"ன்னு அங்கத்த வேளாண் துறைக்கு எடுத்துச் சொன்னார். அதனால நேப்பியர் புல்லுன்னு பேர் ஆயிடுச்சு. காலங்காலமா அதை மாட்டுக்குப் போட்ட ஆப்பிரிக்கக் குடியானவன் பேரை யாரும் வைக்கலை, வழக்கம் போல.

நேப்பியர் வருஷக்கணக்கா நிக்கும், வெட்ட வெட்ட வரும். ஆனா தண்டு முரடு, இலையில சுணை, மாடு பாதியை ஒதுக்கிடும். நம்ம கம்பு இதுக்கு நேர் எதிர். தட்டை மிருதுவா, இனிப்பா இருக்கும், மாடு ஆசையா தின்னும். ஆனா ஒரு போகம் முடிஞ்சா செத்துடும். ரெண்டும் ஒரே பேரினம். கம்பும் ஆப்பிரிக்காவுல இருந்து வந்ததுதான், 3500 வருஷத்துக்கு மேல ஆனதால நாம மறந்துட்டோம்! இந்த ரெண்டு சொந்தக்காரங்களையும் 1953ல் கோவையில ஒட்டுச் சேர்த்தாங்க. இது மாதிரி ஒட்டு வேற நாட்டுலயும் நடந்திருக்கு. ஆனா இந்தியாவுல இந்தக் கதை தொடங்கினது கோவையில. டெல்லியில பூசா ஜெயன்ட் நேப்பியர் வந்தது அதுக்கப்புறம், 1960களின் தொடக்கத்துல.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28. பாதிப் பாதி சேர்ந்தா பிள்ளைக்கு 21. இது மூணு தொகுதி, ஜோடி சேராது. அதனால இந்தப் புல் மலடு. பூக்கும், முளைக்கிற விதை வைக்காது. கோவேறு கழுதை மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். அப்ப எப்படிப் பரவிச்சு? கரணையால. ஒருத்தர் வயல்ல வெட்டின தண்டை இன்னொருத்தர் வாங்கிட்டுப் போய் ஊணி, அவர்கிட்ட இருந்து சம்பந்தி வீட்டுக்கு, அங்கிருந்து பக்கத்து ஊருக்கு. தமிழ்நாட்டுல இன்னிக்கு நிக்கிற ஒவ்வொரு கம்பு நேப்பியர் தூரும் யாரோ ஒருத்தர் கையால இன்னொருத்தருக்குக் குடுத்தது. பஸ் மேல சாக்குல கட்டிப் போட்டு வந்ததும் உண்டு, டிவிஎஸ் பிஃப்டியில வந்ததும் உண்டு. விதைப் பாக்கெட்டாக் கடையில விற்க முடியாத ஒரு பயிர் இவ்வளவு தூரம் போனது சாதாரண விஷயம் இல்லை.

அப்புறம் ரகம் ரகமா வந்துச்சு. நம்ம பக்கம் எல்லோர் வாயிலயும் அடிபட்டது கோ-3. 2008ல் கோ-4 வந்துச்சு. பிறகு கோ-5. தாய்லாந்துல இருந்து வந்த ரகத்தைச் 'சூப்பர் நேப்பியர்'னு சொல்லி விக்கறாங்க. நட்டு 75-80 நாள்ல முதல் வெட்டு, பிறகு 45 நாளைக்கு ஒரு வெட்டு. பல்கலைக்கழகக் கணக்குப்படி கோ-4 ஏக்கருக்கு வருஷத்துக்கு 150 டன் பச்சைப்புல் தரும்.

சும்மா ஒரு மனக்கணக்குப் போடுவோம். கறவை மாட்டுக்கு நாளைக்கு 30 கிலோ பச்சைன்னா வருஷத்துக்குச் சுமார் 11 டன். புத்தகக் கணக்குப்படி ஒரு மாட்டுக்கு எட்டு சென்ட் நிலம்கூட வேண்டாம். நம்ம காட்டுல பாதி விளைச்சல்தான்னு வெச்சாலும் 15 சென்ட் போதும். சித்திரையானாலும் தண்ணி இருந்தா வெட்டு நிக்காது. புல்லை மட்டுமே போடக்கூடாது, ஆக்சலேட் உப்பு சேரும், புரதமும் பத்தாது. மூணு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால், குதிரைமசால், அகத்தி மாதிரி ஏதாவது சேர்க்கணும். அவ்வளவுதான் சங்கதி.

'தண்ணி இருந்தா'ன்னு போகிற போக்குல சொல்லிட்டேன் இல்லையா? அங்கேதான் இருக்கு. 1953ல் 60 அடி கிணத்துல தண்ணி கிடந்த ஊர்கள்ல இப்ப ஆழ்துளைக் குழாய் 1000 அடியைத் தொடுது. கொறங்காடு மழையை நம்பினது. ஒட்டுப்புல் நிலத்தடித் தண்ணியை நம்புது.

நடுவுல ஒரு நடை ஐரோப்பாவுக்கு

நமக்குச் சித்திரைன்னா அவங்களுக்குப் பனிக்காலம். ஆறு மாசம் வெளியே பச்சையே இருக்காது. மிச்சப் புல்லைக் காய வைக்கலாம்னா அங்கே வெயிலை எப்பவும் நம்ப முடியாது. 1877ல் பிரான்ஸுல ஓகூஸ்த் கோஃபார்ங்கற விவசாயி, பச்சை மக்காச்சோளத்தை நறுக்கி, குழியில காத்துப் புகாம அமுக்கி மூடினா மாசக்கணக்கா கெடாதுன்னு புத்தகமே எழுதினார். உள்ளே புளிச்சு அமிலம் ஊறும், அந்தப் புளிப்புல மத்த கிருமி வளராது. நம்ம ஊறுகாய்த் தத்துவம்தான், சைலேஜுக்குத் தமிழ்ல ஊறுகாய்ப்புல்னே பேர். பின்லாந்து விஞ்ஞானி விர்டானென் அந்தப் புளிப்பை அமிலம் சேர்த்துச் சரியாக் கட்டுப்படுத்தற முறையைக் கண்டுபிடிச்சார். 1945ல் வேதியியல் நோபல் பரிசை அவருக்குக் குடுத்தப்ப, தீவனத்தைப் பாதுகாக்கிற இந்த முறையைக் குறிப்பாச் சொல்லித்தான் குடுத்தாங்க. மாட்டுத் தீவனத்துக்கு நோபல்!

இப்ப நம்ம பக்கமும் பிளாஸ்டிக் சுத்தின மக்காச்சோள ஊறுகாய்ப்புல் பேல் லாரியில வந்து இறங்குது. பத்து மாடு வெச்சிருக்கிறவருக்கு நல்ல வழி. ஒரு மாடு வெச்சிருக்கிறவங்களுக்கு? ஒரு பேலைப் பிரிச்சா ஒரு வாரத்துக்குள்ள தீர்க்கணும், இல்லைன்னா பூஞ்சை. அதுக்குக் காசும் முன்னாடியே கட்டணும்.

மூணாவது பதில்: மேய்க்கால்

எங்க தெருவுல ஒத்தை மாடு வெச்சுப் பால் ஊத்தற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. சொந்த நிலம் கிடையாது. ஒட்டுப்புல்லைப் பத்தி நான் பெருமையா அளந்துட்டு இருந்தப்ப கேட்டாங்க: "கரணை சும்மாவே குடுக்கறாங்க தம்பி, வாங்கிட்டு வந்து எங்க நடறது? வாசப்படியிலயா?"

இந்தப் பதிவை எழுத வெச்சதே அந்தக் கேள்விதான். கொறங்காட்டுக்குக் காடு வேணும். ஒட்டுப்புல்லுக்குக் கிணறு வேணும். ரெண்டும் இல்லாதவங்களுக்கு ஒரு காலத்துல இருந்தது ஊர்ப் பொதுநிலம். இன்னிக்கும் வருவாய்த்துறைப் பதிவேட்டுல 'மேய்க்கால் புறம்போக்கு', 'மந்தைவெளிப் புறம்போக்கு'ன்னு பேர் இருக்கும். சென்னையில மந்தைவெளின்னு ஒரு பகுதியே இருக்கு, மந்தைதான் இல்லை.

பொதுப்புல் கைநழுவினது ஒரே நாள்ல நடக்கலை. 1882ல் சென்னை வனச்சட்டம் வந்துச்சு. ஊர் மாடு மேய்ஞ்சுட்டு இருந்த காடு ஒதுக்குக்காடு ஆச்சு. மேய்க்கணும்னா அனுமதிச் சீட்டு, தலைக்கு இவ்வளவுன்னு கட்டணம். ஜனங்க புலம்பல் அதிகமாகி 1913ல் ஒரு வனக் குழு உட்கார்ந்து விசாரிச்சுது. அப்பவும் தீரலை. அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூர் ஜில்லாவுல, பல்நாடுங்கற வறண்ட பகுதியில, 1921ல் ஜனங்க மேய்ச்சல் வரி கட்ட மாட்டோம்னு நின்னாங்க. தெலுங்குல அந்த வரிக்குப் பேர் 'புல்லரி'. நம்ம 'புல்வரி'யே காதுல விழற மாதிரி இல்லை? போராட்டத்தை நடத்தின கன்னேகண்டி ஹனுமந்து 1922 பிப்ரவரியில போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார். உப்புக்காகச் சிறைக்குப் போனதை நாம எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்சோம். புல்லுக்காக உயிர் போனதைப் படிக்கலை.

1926ல் அமைச்ச ராயல் வேளாண் கமிஷன் 1928ல் அறிக்கை குடுத்துச்சு. அதுல மாட்டைப் பத்தி ஒரு கசப்பான கவனிப்பு உண்டு. தீவனம் எவ்வளவுக்கு எவ்வளவு மோசமோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதிக மாடு வெச்சிருப்பாங்க. ஒவ்வொரு மாடும் சோனியா இருக்கிறதால எண்ணிக்கையைக் கூட்டுவாங்க. எண்ணிக்கை கூடினதால மேய்ச்சல் இன்னும் மோசமாகும்ங்கற சாராம்சம். கவனிச்சது சரிதான். ஆனா மேய்ச்சல் நிலம் சுருங்கினதுல அரசாங்கத்துக்கும் பங்கு உண்டே.

வெள்ளைக்காரன் போனதும் நிலைமை மாறிச்சான்னா, இல்லை. பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, வீட்டுமனைப் பட்டா, சந்தை எது வந்தாலும் முதல்ல கண்ணுல பட்டது மேய்க்கால்தான். 'சும்மாதானே கிடக்குது'ன்னு ஒரு வார்த்தை. இதுல பாதி நிஜமாகவே ஏழைகளுக்குப் போச்சு, அதைக் குறை சொல்ல மாட்டேன். மீதியைப் பக்கத்து வயக்காரர் வரப்பை நகர்த்தி வளைச்சார். யாருமே தொடாத இடத்தைச் சீமைக்கருவேல் பிடிச்சுக்கிச்சு. ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்பை அகற்றணும்னு 2011ல் உச்சநீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்குல எல்லா மாநிலங்களுக்கும் சொல்லுச்சு. தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். ஆனா ஆக்கிரமிப்பை எடுத்தபிறகு அங்கே புல் வளர்க்கறது யார் வேலைன்னு கேட்டா பதில் இல்லை.

விஞ்ஞானி புல்லைக் குடுத்தாச்சு, குடியானவன் கொறங்காட்டைக் காட்டிக் குடுத்தாச்சு. அறிவுக்குப் பஞ்சம் இல்லை. இடம் யாருடையதுங்கறதுலதான் சிக்கல். வெண்மைப் புரட்சி பாலைக் கூட்டுறவாக்கிச்சு; புல்லை அவங்கவங்க பாட்டுக்கு விட்டுடுச்சு. சொசைட்டியில காலையில பால் ஊத்தறப்ப ஒரு ஏக்கர்க்காரரும் ஒத்தை மாட்டு அக்காவும் ஒரே வரிசை. மத்தியானம் புல்லுக்குப் போறப்ப அவருக்கு வயல், அந்தக்காவுக்கு அடுத்தவங்க வரப்பு. களைக்கொல்லி அடிக்கிற வழக்கம் வந்தபிறகு அந்த வரப்புப் புல்லும் போச்சு.

மிச்சம் இருக்கிற மேய்க்கால்ல ரெண்டு ஏக்கரை ஊர்ப் பால் சொசைட்டியே எடுத்து, தண்ணி இருக்கிற ஊர்ல ஒட்டுப்புல்லும், இல்லாத ஊர்ல கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் போட்டு, நிலமில்லாத உறுப்பினருக்கு முதல்ல அறுத்துக் குடுத்தா என்ன? என் கணக்குப்படி பாதி விளைச்சல்லயே ரெண்டு ஏக்கர் ஒட்டுப்புல் 13 மாட்டுக்கு வருஷம் முழுக்க வரும். ஒரு சின்ன ஊர்ல நிலமில்லாம மாடு வெச்சிருக்கிற குடும்பம் அநேகமா அவ்வளவுதான் இருக்கும். இதுக்குப் புது விஞ்ஞானம் எதுவும் வேண்டாம், பஞ்சாயத்துல ஒரு தீர்மானமும் ஒரு வேலியும் போதும்.

உங்க ஊர்ல மேய்க்கால் எங்க இருந்துச்சு, இப்ப அங்க என்ன நிக்குதுன்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. வீட்டுல பெரியவங்ககிட்டக் கேட்டா டக்குன்னு சொல்லிடுவாங்க. ஒரு பட்டியலாச் சேர்த்தா அதுவும் வரலாறுதானே.

டிஸ்கி: கொறங்காட்டு வேலிக்கிளுவையும் கரணை ஊணி வர்றதுதான். கொங்கு நாட்டுல உருப்படியான எதுவும் விதைக்கடையில கிடைக்காது போல ;-)